மூச்சைப் பிடிக்கச் சொல்லித்தந்த வகுப்பு

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் கதிர் சிகிச்சைக் கருவியை இயக்குவது என் வேலை. எங்கள் பக்கத்து மக்கள் அதைக் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். இடது மார்பில் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கதிர் கொடுக்கும்போது இதயத்திலும் கொஞ்சம் பட்டுவிடும். ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்தால் நெஞ்சு எழும்பி, இதயம் விலகிக்கொள்ளும். அந்த நேரத்தில் மட்டும் கதிரைச் செலுத்தலாம். இதைக் கற்றுத்தர வெளிநாட்டுப் பெண் நிபுணர் ஒருவர் இணையம் வழியாக ஆங்கிலத்தில் வகுப்பெடுக்கிறார், சேர்ந்துகொள் என்றார்கள். சந்தோஷமாகத்தான் சேர்ந்தேன்.

வகுப்பு அவர்களுக்குக் காலை நேரம். எங்களுக்கோ நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் உச்சிப்பொழுது. கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தால் யாராவது தட்டுவார்கள். தட்டாத நாளில் இணையம் போய்விடும். “இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்” என்று அந்த அம்மாள் ஆரம்பிப்பார், திரையில் வட்டம் சுற்றும். என்ன தவறு என்று இன்றுவரை எனக்கு முழுசாகத் தெரியாது.

அவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஸ்லைடும் குரலும்தான். அதில் வருவதெல்லாம் நெஞ்சின் அசைவை அளக்கும் ஒரு விசேஷ கேமராவைப் பற்றியது. எங்களிடம் அது கிடையாது. இல்லாதவர்கள் என்ன செய்வது என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேட்டேன். “கருவி விற்ற நிறுவனத்திடம் பேசுங்கள்” என்பதே ஒவ்வொரு முறையும் பதில்.

எங்களுடன் வேலை செய்யும் இயற்பியலாளர், கதிரின் அளவைக் கணக்கிட்டுத் தருபவர், ஒருநாள் பொறுமையிழந்தார். “நம்ம ரூமையே பாக்காம எப்படிங்க சொல்லித்தருவாங்க? நேர்ல காட்டுவோம்னு கேளுங்க.” பலமுறை எழுதிய பிறகு அந்த அம்மாள் ஒப்புக்கொண்டார்.

பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்த ஓர் அம்மா அப்போது சிகிச்சைக்கு வந்திருந்தார். இது வெறும் ஒத்திகை, கதிர் வராது, படம் பதிவாகாது என்று விளக்கியதும் சம்மதித்தார். மேலே துணி போர்த்திப் படுக்கவைத்து, நிபுணரை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, பக்கத்தில் என் போனை நிறுத்தினேன்.

“மூச்சை இழுக்கச் சொல்லுங்கள்” என்றது போன். சொன்னேன். வயிறுதான் உப்பியது. “வயிறு அல்ல, நெஞ்சு” என்ற குரல் வந்து சேர்வதற்குள் அவர் மூச்சை விட்டுவிட்டார். மறுபடி இழுத்தார், மறுபடி தாமதமாக அதே குரல்.

“அந்தம்மா என்னதான் சொல்றாங்க சாமி? இழுக்கச் சொல்றாங்களா, உடச் சொல்றாங்களா?”

எனக்குப் பொறுக்கவில்லை. போனை நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “நீங்கள் பேசி முடிப்பதற்குள் இவர் மூச்சுவிட்டு முடித்துவிடுகிறார். கேமரா இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? இங்கே இருப்பதைப் பார்த்துச் சொல்லுங்கள்.”

திரை கறுத்தது. இணைப்பு போய்விட்டது என்றே நினைத்தேன். திடீரென்று திரையில் ஒரு முகம். நரைத்த குட்டை முடி, படுத்திருந்த அம்மாவின் வயதுதான் இருக்கும். அந்த நிபுணர் தன் அறைத் தரையில் மல்லாந்து படுத்தார். ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில். வயிற்றுக் கை அசையாமல் நெஞ்சுக் கை மட்டும் எழுந்து நின்றது.

இந்த அம்மா தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இவ்வளவுதானுங்களா” என்று அதேபோல இழுத்துப் பிடித்தார். அடுத்த அறையில் கண்காணிப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இயற்பியலாளர், “நெஞ்சு எழும்பி நிக்குதுங்க. அப்படியே நிக்குது” என்றார்.

எழுந்து உட்கார்ந்த நிபுணர், மூச்சைப் பிடித்திருக்கும்போது கருவியின் வெளிச்சக்கோடு விழும் இடத்தில் தோலின் மேல் ஒரு புள்ளி வையுங்கள், புள்ளியும் கோடும் சேர்ந்தால் கதிரைச் செலுத்துங்கள் என்றார். கேமரா வருவதற்கு முன்பு அவரும் அப்படித்தான் செய்தாராம்.

“இதை முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“ஸ்லைடுகளை எனக்குக் கொடுத்தது வேறு ஆட்கள்” என்றார். எனக்கு அது சமாதானமாகவே இல்லை.

கொடிக்கால் அம்மாவுக்கு மூச்சைப் பிடித்த நிலையிலேயே ஸ்கேன் எடுத்து, முழுச் சிகிச்சையையும் அப்படியே கொடுத்தோம். இருமல் வந்த நாட்களில் காத்திருந்தோம். கடைசி நாள் சேலையைச் சரிசெய்துகொண்டே, “போயிட்டு வாரேன் சாமி. தரையில படுத்தாங்களே, அந்தம்மாகிட்டயும் சொல்லிப்போடுங்க” என்றார்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அன்றே நிபுணருக்கு, வகுப்பின் மின்னஞ்சல் முகவரி வழியாக, எழுதி அனுப்பினேன். உடனே தானியங்கிப் பதில் வந்தது: உங்கள் கேள்வி பதிவுசெய்யப்பட்டது, உரிய நிபுணர் விரைவில் தொடர்புகொள்வார். நான் கேள்வியே கேட்கவில்லை.