340-க்கு 304

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை தென்காசியை நனைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வை மதுரையில் எழுதிவிட்டு வந்த என் மகள், "முந்நூத்தி நாலுப்பா" என்றாள். எத்தனைக்கு என்று கேட்டேன். முந்நூற்று நாற்பதுக்காம். என் கடைக் கால்குலேட்டரில் தட்டினேன். எண்பத்தொன்பது சதவீதம்! அவள் மேலே ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நான் ஸ்வீட் ஸ்டாலில் நின்றேன். தெரு முழுக்க லட்டு.

எதிர்வீட்டு அண்ணாச்சி மகனை அமெரிக்காவில் படிக்க வைத்தவர். லட்டை வாயில் ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "ஏலே, சும்மா உக்காந்துட்டு வந்தாலே அதுல எரநூத்தி அறுவது போடுவான். உம்மவ அதுக்கு மேல எடுத்தது நாப்பத்தி நாலுதாம்லே. லட்டு நல்லாருக்கு, இன்னொண்ணு குடு."

சும்மா வரும் இருநூற்று அறுபதைக் கழித்தால் மிச்சம் எண்பது. எண்பதுக்கு நாற்பத்து நான்கு. ஒரு லட்டு கரைவதற்குள் என் மகள் ஜஸ்ட் பாஸ் ஆகிவிட்டாள்!

அந்த வருஷம் சீட் கிடைக்காவிட்டால் அடுத்து கல்யாணம்தான் என்று என் அக்கா ஜாதகத்தோடு காத்திருந்தாள். நான் நேரே இலஞ்சி முருகன் கோயிலுக்கு ஓடினேன். மகள் மறுபடி எழுதி முந்நூற்று இருபது வாங்கினால் மொட்டை போடுகிறேன் என்று முருகனிடம் பேசி முடித்துவிட்டு வந்தேன்.

"மறுபடில்லாம் எழுத மாட்டேன்" என்றாள் மகள். "நான் சீட்டு கேட்டிருக்க ஒரு எடத்துல இந்த மார்க்கைப் பாக்கவே மாட்டாவப்பா. என்ன வேலை செஞ்சிருக்கேன்னுதான் பாப்பாவ."

"நீ என்னட்டி வேலை செஞ்ச? குளத்துத் தண்ணிய பாட்டில்ல பிடிச்சு ஃப்ரிட்ஜுல வச்ச. அதுல ஒண்ண நான் குடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன்!"

மாசியில் கம்ப்யூட்டரில் நேர்காணல். கதவுக்குப் பின்னால் பல்லியாக ஒட்டிக்கொண்டேன். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சு முழுக்க வயலில் போடும் உரம் குளத்துத் தண்ணீரை என்ன செய்கிறது என்பதுதான். ஒரு வாரத்துத் தண்ணீரின் கணக்கு மட்டும் ஏன் இல்லை என்று திரையில் இருந்த பேராசிரியை கேட்டதும் நான் கதவோடு இன்னும் ஒட்டினேன். மகள் தயங்கவே இல்லை. அப்பா குடித்துவிட்டார் என்றாள். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. பத்து நாளில் சீட் வந்தது.

"மார்க்குதான் ஏறலியே, மொட்டை எதுக்கு?" என்றாள் என் மனைவி. மார்க்கைப் பார்க்காமலே சீட் கொடுத்த முருகனிடம் நான் மார்க் பார்ப்பதா? மகள் விமானம் ஏறுவதற்கு முன், ஆடியில் மொட்டை போட்டுக்கொண்டு குற்றாலம் ஐந்தருவியில் போய் நின்றேன். வெறுந்தலையில் தண்ணீர் விழுந்த அடி இருக்கிறதே, இருபது வருஷ மார்க் கிறுக்கெல்லாம் இறங்கிவிட்டது!

இப்போது யாராவது பிள்ளையின் மார்க்கைச் சொன்னால் என் கை தானாகத் தலையைத் தடவுகிறது. தடவி முடித்த பிறகுதான், அந்தப் பிள்ளை எதில் ஆசையாக இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வருகிறது.