மெல்ல இறங்கிய பம்பு

ஓசூரில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த பட்டறை, தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்தது. தகரக் கூரை, ஒரு லேத், இரண்டு வெல்டிங் செட், இரும்பு அறுக்கும் ஒரு ரம்ப மெஷின், மூலையில் பிளைவுட் தடுப்புக்குள் என் கம்ப்யூட்டர். டீசல் என்ஜினையும் பம்பையும் ஏற்றிப் போகும் டிரெய்லர் வண்டிகள் செய்வதுதான் எங்கள் பிழைப்பு.

முதலாளி ஒரு பெரிய தொழிற்சாலையில் இருந்துவிட்டு, சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று வெளியே வந்தவர். ஃபிட்டர் அண்ணனுக்குப் பாகலூர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும். நான் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்து, மூன்று பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தவள். 'இங்கே' என்பதற்கு நான் 'இஞ்ச' என்று சொன்னால் முதலாளியும் அண்ணனும் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் தானாகவே வயலுக்குள் வந்து நிற்கும். கல் குவாரிக்குள் நிற்கும் தண்ணீரை வெளியே எடுப்பது ஒரு தொழில் என்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

அந்தத் தொழில் செய்த ஒரு அக்கா, ஒரு நாள் காலையில் பட்டறைக்கு வந்தார். பேரிகையைத் தாண்டி ஒரு ஊர். மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். டிரெய்லர், அதன் மேல் என்ஜின், பின்னால் ஒரு பெரிய பம்பு. அவரும் அவர் வீட்டுக்காரரும் அந்த வண்டியை வைத்துக்கொண்டு குவாரி குவாரியாகப் போய்த் தண்ணீர் இறைத்துக் கொடுத்து வந்தார்கள். மழைக்காலத்தில் ஓசூரில் அஸ்திவாரக் குழிகளுக்கும் கூப்பிடுவார்களாம். என்ஜின் வண்டியிலேயே இருக்கும். பம்பை மட்டும் தண்ணீர் ஓரமாகத் தரையில் இறக்கி வைக்க வேண்டும். பலகை சாய்த்து, கயிறு கட்டி, இரண்டு பேரும் சேர்ந்து இறக்குவார்கள். நூற்றைம்பது கிலோ எடை. ஒரு நாள் கயிறு நழுவிவிட்டது. கீழே நின்று தாங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் மேல் பம்பு வந்து இறங்கியது. இடுப்பெலும்பு முறிவு.

"நடக்கறாருங்க. கட்டை ஊனி நடக்கறாரு. வெயிட்டு மட்டும் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க," என்றார் அக்கா. "டிராக்டர் நானே ஓட்டுவேன். இஞ்சின் போடுவேன். ஓஸ் மாட்டுவேன். அந்த பம்பு ஒண்ணைத்தான் எறக்கி ஏத்த முடியல."

"கூட ஒரு ஆள் போட்டுக்கலாமேம்மா," என்றார் முதலாளி.

"போட்டுப் பாத்துட்டேங்க. கூப்பிட்டா இன்னைக்கு வரான், நாளைக்கு கம்பெனி வேலைக்குப் போயிடறான். எனக்கு ஆளு வேணாங்க. ஆளு செய்யற வேலைய வண்டியே செய்யணும்."

முதலாளி சங்கிலிக் கப்பி வைத்துத் தரலாமா என்று கேட்டார். கப்பியில் தொங்கினால் பம்பு ஆடும், மேடு பள்ளமான இடத்தில் ஆடுகிற பம்புக்குப் பக்கத்தில் நிற்க முடியாது என்று அக்கா சொன்னார். சொல்லும்போது அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, படிச்சியே, நாலு கை மெக்கானிசம். அதைப் போட்டுப் பாரு."

படித்திருந்தேன், பரீட்சைக்கு. அட்டையை வெட்டி, குண்டூசி குத்தி, மேசை மேல் செய்து பார்த்தேன். வண்டிச் சட்டத்தில் பக்கத்துக்கு இரண்டு இரும்புக் கைகள். அவற்றின் மறுமுனையில் பம்பு உட்காரும் ஒரு தொட்டில். இரண்டு கைகளும் ஒரே நீளத்தில், ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால், தொட்டில் வளைந்த பாதையில் மேலே எழும்பிப் பின்பக்கமாகத் தரைக்கு வரும்போதும் சாயாது. ஆரத்தித் தட்டைத் தூக்கிப் போகிறவர் படி இறங்கினாலும் தட்டை மட்டமாகவே வைத்திருப்பதைப் போல. ஃபிட்டர் அண்ணன் என் அட்டைத் தொட்டிலில் ஒரு தீப்பெட்டியை வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. அன்று மதியமே ரம்ப மெஷினில் இரும்பை மாட்டிவிட்டார்.

அக்கா தன் டிரெய்லரை டிராக்டரில் இழுத்து வந்து விட்டுப் போனார். எடையைத் தூக்க, கார் டிக்கியை மேலே நிறுத்துமே, அதே மாதிரி காற்றடைத்த கம்பிகளில் பெரியதாக வாங்கிப் பொருத்தினோம். நீளமான கைப்பிடியைத் தள்ளினால் தொட்டில் எழும்பிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். உச்சியைத் தாண்டியதும் எடை முழுக்கக் கீழ்ப்பக்கம் சாய்ந்துகொள்ளும். அங்கே அதைப் பிடித்து, மெல்ல இறக்க ஏதாவது வேண்டும். ஓசூரில் எளிதாகக் கைக்கு எட்டும் பொருள் பைக்கின் ஷாக் அப்சார்பர். நான்கு வாங்கி, பக்கத்துக்கு இரண்டாக மாட்டினோம்.

முதல் சோதனைக்கு அந்த அக்காவை வரச் சொல்லியிருந்தோம். அதுதான் தவறாகப் போயிற்று. தொட்டிலில் பம்பின் எடைக்குப் பழைய இரும்புத் துண்டுகளைக் கட்டி வைத்து, ஃபிட்டர் அண்ணன் கைப்பிடியைத் தள்ளினார். தொட்டில் அழகாக எழும்பியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. பிறகு ஒரே போக்கில் கீழே போய்த் தரையில் மோதி, ஒரு சாண் எம்பி, மறுபடி மோதியது. தகரக் கூரையெல்லாம் அதிர்ந்தது. சாலைக் குழியின் குலுக்கலைத் தாங்கும் பொருளுக்கு, நின்று நிதானமாக எடையைப் பிடித்து இறக்கத் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"இதே சத்தந்தாங்க அன்னைக்கும்," என்றார்.

முதலாளி ஏதோ ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேநீர் கொண்டுவந்து வைத்தது ஆறிப் போயிற்று. எனக்குக் கணக்குப் போடத் தெரிந்திருந்தது, ஆனால் ஒரு சத்தம் ஒரு மனுஷிக்கு என்ன செய்யும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. அறைக்குப் போன பிறகும் அந்த முகம் கண் முன்னால் நின்றது.

அடுத்த சில நாட்கள் வேறு ஒரு வண்டி வேலை. அவசரம். ஃபிட்டர் அண்ணன் ரம்ப மெஷினில் சேனல் இரும்பை மாட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் சும்மா மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரம்பம் பூட்டிய அந்தக் கனமான சட்டம் யாரும் தொடாமல், தூக்கம் கலையாத ஆள் போல, இரும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தினமும் பார்க்கிறோம். அந்தச் சட்டத்தின் எடை என்ன, அதை யார் தாங்குகிறார்கள் என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். நான் எழுந்தேன், அவர் ஏற்கெனவே மெஷின் பக்கம் போய்விட்டிருந்தார்.

சட்டத்துக்கு அடியில் ஒரு எண்ணெய் சிலிண்டர் இருந்தது. உள்ளே இருக்கும் எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாகத்தான் வெளியேற முடியும். அதன் தலையிலிருந்த திருகை இறுக்கினால் துளை சுருங்கும், சட்டம் இன்னும் மெல்ல இறங்கும். தூக்கும்போது தடை கிடையாது, இறங்கும்போது மட்டும் பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு வேண்டியது அதேதான்.

"இத்தன நாளா இங்கேயே இருந்திருக்குது மேடம்," என்றார் ஃபிட்டர் அண்ணன்.

முதலாளியிடம் சொன்னோம். புதிது வாங்கினால் பெங்களூரிலிருந்து வர நாளாகும். அவர் கொஞ்ச நேரம் மெஷினைச் சுற்றி வந்தார். "கழட்டுங்க," என்றார். புதியது வரும்வரை ஒரு வாரம் ரம்ப மெஷினின் சட்டத்தைக் கயிற்றில் கட்டி, முதலாளியே கையில் பிடித்துக்கொண்டு இரும்பு அறுத்தார். நடுவில் போன் வந்தால் எடுக்க முடியாமல் என்னைக் கூப்பிடுவார், நான் அவர் காதில் போனை வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பட்டறையில் இரைச்சல் இருந்ததால் இரு பக்கமும் கத்திப் பேசுவார்கள். அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இந்த முறை இரும்புத் துண்டு வைத்து நாங்களே பலமுறை சோதித்தோம். பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றார், வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "நாமளே போயிடலாம்," என்றார் முதலாளி. டிரெய்லரை ஜீப்பின் பின்னால் கட்டிக்கொண்டு பேரிகைச் சாலையில் போனோம். இரு பக்கமும் ரோஜாவும் குடைமிளகாயும் வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள். ஃபிட்டர் அண்ணன் வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் பம்பு தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அக்காவின் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். எங்களை வரவேற்றார், ஆனால் வண்டியைப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தில் நான்கைந்து பேர் கூடிப் பம்பைத் தூக்கித் தொட்டிலில் வைத்து போல்ட் போட்டார்கள். ஃபிட்டர் அண்ணன் கைப்பிடியில் கை வைத்தார்.

"இருங்க," என்றார் வீட்டுக்காரர். கட்டையை ஊன்றி எழுந்து வந்தார். "நான் பண்றேன்."

அக்கா குறுக்கே வந்தார். "நீ சும்மா இருய்யா. டாக்டர் என்ன சொன்னாரு?"

"வெயிட்டு தூக்க வேணாம்னாரு. இது தூக்கறதில்லயே, எறக்கறதுதான?" என்றார். பிறகு, எங்களிடம் இல்லாமல் அக்காவிடம் மட்டும் சொல்வது போல, "மொதல்ல எம்மேல எறங்கட்டும். அப்புறம் நீ தொடு," என்றார்.

ஃபிட்டர் அண்ணன் கைப்பிடியை அவரிடம் விட்டுவிட்டு, எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் காட்டினார். அவர் தள்ளினார். தொட்டில் எழும்பியது, உச்சிக்கு வந்தது. "மெல்ல," என்றேன் நான். "நிதானா, நிதானா," என்று கன்னடத்தில் பக்கத்து வீட்டுக்காரர். "மெல்லகா," என்று தெலுங்கில் ஃபிட்டர் அண்ணன். யார் பேச்சுக்கும் அவசியம் இருக்கவில்லை. உச்சியைத் தாண்டிய பம்பு, தன் பாட்டில், மட்டமாக, ஒரே சீராக இறங்கிக்கொண்டே வந்தது. அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அது அதே வேகத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்தது.

"சத்தமே வரல," என்றார்.

அக்கா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். ஏற்றினார். இறக்கினார். மறுபடி ஏற்றினார். ஊர்க்காரர்கள் சலித்துப்போய்க் கலையும்வரை செய்துகொண்டே இருந்தார். அன்று எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. ராகிக் களி, கீரை. களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று தெரியாமல் நான் மென்றுகொண்டிருந்ததைப் பார்த்து அவர் வீட்டுக்காரர் அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

அதோடு முடியவில்லை. மார்கழியில் ஒரு காலை, சூளகிரிப் பக்கக் குவாரியிலிருந்து அக்கா போன் செய்தார். "பாப்பா, உம் மிஷினு தூங்குது. பாதில நின்னுகிட்டு வரவே மாட்டேங்குது." ஓசூர்க் குளிரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. குளிரில் எண்ணெய் தடித்து, துளை வழியாகப் போக மறுத்தது. திருகைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன். வந்துவிட்டது. பிறகு வெயில் ஏறியதும் வேகமாக இறங்கியதாம், மறுபடி இறுக்கினாராம். அடுத்த வாரம் நான் போய்ப் பார்த்தபோது திருகுக்குப் பக்கத்தில் நகப்பூச்சால் இரண்டு கோடுகள் போட்டிருந்தார். ஒன்று பனிக்கு, ஒன்று வெயிலுக்கு.

அன்று குவாரி விளிம்பில் நின்று பார்த்தேன். வெட்டிய கல்லின் செங்குத்துச் சுவர்கள், அடியில் பச்சைத் தண்ணீர். அக்கா டிராக்டரைப் பின்னோக்கி ஓட்டி நிறுத்தி, இறங்கி, பம்பைத் தனியாகவே தரையில் வைத்தார். வீட்டுக்காரர் என்ஜின் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து டீசல் பார்த்துக்கொண்டார். ஓஸ் வாயிலிருந்து முதல் தண்ணீர் பீய்ச்சியபோது இருவரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மகளின் பள்ளிக்கூடச் சீருடையைப் பற்றி ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு அதுதான் மிகவும் நிம்மதியாக இருந்தது.

அந்த மாதிரிக் கைகள் வைத்து இன்னும் சில வண்டிகள் செய்தோம். பிறகு முதலாளிக்குக் கண் பார்வை குறைந்தது, மகனோடு மைசூருக்குப் போய்விட்டார். பட்டறை இருந்த இடத்தில் இப்போது பார்சல் கம்பெனியின் கிடங்கு இருக்கிறது. நான் பெரிய கம்பெனி ஒன்றில் கார் இருக்கைகளுக்கான இணைப்புகள் வரைகிறேன். ஏசி அறை. எதையும் கம்ப்யூட்டரே ஆயிரம் முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடும். அந்த இருக்கையில் யார் உட்காருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் களி போடுவதில்லை. சில மதியங்களில், காரணமே இல்லாமல், வெல்டிங் புகையும் ஆறிய தேநீரும் கலந்த வாடை நினைவுக்கு வரும். கொஞ்ச நேரம் வேலை ஓடாது.

போன மழைக்காலத்தில் அக்கா கூப்பிட்டார். பெரிய பம்பு வாங்கப் போகிறாராம். பழைய கைகள் அதைத் தாங்காது. "நீ கம்பெனில பெரிய ஆளாயிட்டியாம், உன்கிட்ட கேக்கலாமா வேணாமான்னு இவரு ரெண்டு நாளா யோசிக்கறாரு. எனக்கு யோசன எல்லாம் இல்ல," என்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து ஏறிப் பாகலூருக்குப் போகிறேன். ஃபிட்டர் அண்ணன் வீட்டின் பின்புறம் சின்னதாக ஒரு ஷெட் போட்டிருக்கிறார். நான் வரைந்ததை அவர் தரையில் சாக்பீஸால் முழு அளவில் போட்டுப் பார்க்கிறார். அதன் மேல் நடந்துபோய், இந்த இடத்தில் முட்டும் மேடம் என்கிறார். நான் குனிந்து அழித்துவிட்டு மறுபடி போடுகிறேன்.