டப்பா நிறைய ஆணிகள்

போன மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. நாங்கள் பெங்களூரு வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறோம். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். கல்யாணத்துக்கு முன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த என் மனைவி, மகன் பிறந்தபின் ஏழு வருடம் வீட்டிலேயே இருந்துவிட்டாள். மறுபடி வேலைக்குப் போக ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். முந்தின வருடம் ஹால் டிக்கெட் வந்தும், பையனுக்குக் காய்ச்சல் என்று போக முடியவில்லை. இந்த முறை இரண்டு மாதம் விடியற்காலை எழுந்து படித்திருந்தாள். தேர்வு மையம் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளி. ஒன்பதரைக்குக் கேட்டை மூடினால் மூடினதுதான்.

பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். மெட்ரோவில் போய் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம் என்றாள் அவள். ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாக இருக்கும், பைக்கே சீக்கிரம் என்று சொன்னது நான்தான். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது பின்பக்கம் வண்டி ஆட ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால், பின் டயரில் துருப்பிடித்த ஆணி ஒன்று தலை வரைக்கும் இறங்கியிருந்தது. மணி எட்டு நாற்பது. தூறல் வேறு.

இருபது முப்பது அடி தள்ளி, எதிர்ப்பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை திறந்திருந்தது. மனைவி அதைக் காட்டி, "நல்லவேளை, அங்கயே கடை இருக்குங்க" என்றாள். "கடை இருக்கிறதாலதான் இங்க பஞ்சர் ஆயிருக்கு" என்றேன் நான், பெரிய துப்பறியும் நிபுணர் மாதிரி.

எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் மாதம் ஒருமுறையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். பஞ்சர் கடைக்காரர்களே ரோட்டில் ஆணி போடுகிறார்கள், ஜாக்கிரதை என்று. படித்துப் படித்து எனக்கு அது வேதவாக்காகிவிட்டது. அதற்கேற்ற மாதிரி அந்தக் கடை வாசலில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் ஒரு பழைய பெயிண்ட் டப்பா, டப்பா நிறைய ஆணிகள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? போனை எடுத்து, கடைக்காரர் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் பிடித்தேன். 'கையும் களவுமாகப் பிடித்தேன், இந்த ஆளிடம் ஏமாறாதீர்கள்' என்று எழுதிக் குழுவில் போட்டுவிட்டேன். மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்ததாக ஒரு வீரச்செயல் செய்தேன். டூல் கிட்டிலிருந்து குறடு ஒன்றை எடுத்து, அந்த ஆணியைப் பிடுங்கி, வந்த கோபத்தில் ரோட்டிலேயே விட்டெறிந்தேன். டியூப்லெஸ் டயரில் ஆணி இருக்கிற வரைக்கும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், ஆணியே அடைப்பாக நிற்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. புஸ் என்று ஒரே மூச்சில் மொத்தக் காற்றும் போய்விட்டது.

அப்போதும் அந்தக் கடைக்குப் போக மனசு வரவில்லை. மனைவியை ஆட்டோ பார்க்கச் சொல்லிவிட்டு, காற்றில்லாத வண்டியிலேயே ஏறி, அடுத்த கடை தேடி மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு கடை பார்த்தேன், இரண்டிலும் ஷட்டர் இறங்கியிருந்தது. திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். வந்த ஆட்டோக்களில் எல்லாம் ஆள் இருந்தது. புக் செய்த கார் இரண்டு முறை கேன்சல். மணி ஒன்பது ஐந்து. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பரீட்சைப் பேனாக்கள் இருந்த பாலிதீன் உறையைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் அந்தக் கடைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு என் வயசுதான் இருக்கும். முதலில் கன்னடத்தில் "ஏனாய்து சார்?" என்றவர், நாங்கள் எங்களுக்குள் பேசியதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். டயரைச் சுற்றிப் பார்த்தார்.

"காத்து இல்லாம ஓட்டிட்டு வந்தீங்களா?"

"கொஞ்ச தூரம்."

"டயரு ரிம்மை வுட்டு வந்துடுச்சு சார். கழட்டி ஏத்தணும். அர மணி நேரம் ஆவும். ஆணி எங்க? நீளம் பாக்கணும்."

"தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க?"

ரோட்டைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அதற்குள் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஒன்பதரைக்கு எக்ஸாம்ண்ணா, கேட் மூடிடுவாங்க" என்றாள். எங்கே என்று கேட்டார். பள்ளியின் பெயரைச் சொன்னதும் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"என் ஸ்கூட்டர எடுத்துனு போங்க. நம்ம வீடு ஜீவனஹள்ளி, அந்த ஸ்கூலு எனக்குத் தெரியும், பத்து நிமிசம். பிரேக்கு மட்டும் கொஞ்சம் அழுத்திப் புடிங்க. பேக, சீக்கிரம் போங்க சார்."

என் போன் நம்பரைக்கூடக் கேட்கவில்லை. நானே சொல்லப் போனேன். "உங்க வண்டி இங்கதான இருக்குது" என்று கையை அசைத்துவிட்டார். கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். அந்த மனிதர் தூறலில் ரோட்டோரமாகக் குனிந்து, எதையோ தேடிக்கொண்டிருந்தார். "என்ன தேடறாரு?" என்றாள் மனைவி பின்னாலிருந்து. எனக்குத் தெரிந்தது. ஆக்சிலரேட்டரை முறுக்கினேன்.

ஒன்பது இருபத்து நான்குக்குப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டேன். அவள் ஓடியது, ஹால் டிக்கெட்டைக் காட்டியது, உள்ளே போய்த் திரும்பி ஒருமுறை கையைத் தூக்கியது எல்லாம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஆறு நிமிடம் கழித்துக் கேட்டை மூடினார்கள். நான் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் மூச்சு விட்டதே இல்லை.

அந்த நிம்மதி போனைப் பார்க்கிற வரைக்கும்தான். குழுவில் என் படத்துக்குக் கீழே பதில்கள் வரிசையாக வந்திருந்தன. ஒருவர் சபாஷ் போட்டிருந்தார். ஒருவர் தன் ஆபீஸ் குழுவுக்கும் அனுப்பிவிட்டாராம். போலீசில் கொடுக்க வேண்டும் என்று இன்னொருவர். அவசரமாக அழித்தேன். அழித்தால் போதுமா, பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்களே. நாலு தடவை எழுதி எழுதி அழித்து, கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஆணியைப் பிடுங்கி ரோட்டில் போட்டவன் நான்தான் என்றும், இப்போது அவருடைய ஸ்கூட்டர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றும் எழுதினேன். ஆபீஸ் குழுவுக்கு அனுப்பியவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, அதையும் எடுக்க வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

கடைக்குத் திரும்பியபோது என் வண்டி தயாராக நின்றது. "ஆணி கெடச்சிடுச்சு சார்" என்றார் அவர். டயரிலிருந்து எடுப்பதை எல்லாம் அந்த டப்பாவில் போட்டு வைப்பாராம், ரோட்டில் கிடந்தால் இன்னொருவர் வண்டியில் ஏறும் என்று. டப்பா நிறைந்தால் காயலான் கடைக்குப் போகும்.

சொல்லாமலேயே வந்திருக்கலாம். முடியவில்லை. படம் பிடித்ததையும் எழுதியதையும், பிறகு அழித்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "அழிச்சிட்டீங்க இல்ல, வுடுங்க சார். எல்லாரும் அப்பிடித்தான் பாக்கறாங்க. பழகிடுச்சு" என்றார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

மனைவி பாஸாகிவிட்டாள், இப்போது வேலைக்குப் போகிறாள். அந்தக் கடைக்காரருக்கு இனிப்புக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வந்தோம். ஆனாலும் எங்கள் குழுவில் யாராவது ஒருவரின் படத்தைப் போட்டு 'ஜாக்கிரதை' என்று எழுதும்போதெல்லாம், படத்தில் இருக்கிறவர் அந்த நேரத்தில் யாருக்கு என்ன உதவி செய்துகொண்டிருந்தாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.