கரப்பான் தொடாத மருந்து

கரப்பான்பூச்சியைப் பார்த்து அருவருப்புப் படாத ஒரே ஆள் அந்தத் தெருவில் பூச்சிக்காரன்தான். செத்துக் கிடப்பதை வெறும் கையால், மீசையைப் பிடித்துத் தூக்கிப் போடுவான். அவனுடைய அருவருப்பெல்லாம் மனிதர்கள்மேல். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளிப்பான். அடுப்பை நகர்த்தி, அடியில் படிந்த பிசுக்கை விரலால் வழித்து, வீட்டுக்காரியின் முகத்துக்கு நேரே நீட்டுவான். "இத எத்தன வருஷமா வளக்குறீங்க?" என்பான். அந்தம்மா கூனிக்குறுகி நிற்பாள். வலியக் கூப்பிட்டு வாங்கிக்கட்டிக்கொள்வது என்றால் இதுதான். ஆனாலும் கூப்பிட்டார்கள், அவன் மருந்து வைத்தால் பூச்சி சாகும் என்று பெயர் இருந்தது.

மருந்து என்பது ஊசிக்குழாயில் அடைத்த, தேன் நிறத்துப் பசை. கரப்பானுக்குப் பிடிக்கும் என்று இனிப்பு கலந்தது. அலமாரிக் கீல், பாத்திரம் கழுவும் தொட்டியின் அடி, ஃபிரிட்ஜின் பின்புறம் என்று கடுகளவு பொட்டுப் பொட்டாக வைப்பான். தின்ற பூச்சி பொந்துக்குள் போய்ச் சாகும். அந்தப் பிணத்தைத் தின்ற பூச்சியும் சாகும். தொழிலுக்கு வந்த நாள் முதல் அதே மருந்து, அதே குழாய்.

இளவட்டமாக இருந்தபோது ஓர் அறிவியல் கூட்டத்தில் பரிணாமம் பற்றிப் பேசக் கேட்டான். அது மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அவனுக்கு அதுதான் பேச்சு. "தாக்குப் பிடிக்கிறது பொழைக்கும், முடியாதது போய்ச் சேரும். இதுல சாமி எங்க வந்துச்சு?" என்று ஆரம்பித்தால் தப்பி ஓட வழி கிடையாது. யாராவது கைகூப்பினால் போதும், அழுகின பழத்தை முகர்ந்தவன் போல உதட்டைப் பிதுக்குவான்.

இதில் அவனோடு மல்லுக்கு நின்றவர் அக்காள் புருஷன் ஒருவர்தான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். ஓய்வு நாளில் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"மாப்ள, குரங்கு மனுஷனானத நீ கண்ணால பாத்தியா?"

"அதெல்லாம் கண்ணால பாக்குற விஷயமா மாமா? லட்சக்கணக்கான வருஷம் ஆகும்."

"என் வேலைல டிக்கெட்டக் கையில காட்டினாத்தான் டிக்கெட். யாரோ சொன்னத நீ பாக்காம நம்புற. நானும் அப்படித்தான் நம்புறேன். உன்னுதும் மதம்தான் மாப்ள, ஒத்துக்க."

"இது நம்பிக்கை இல்ல மாமா, சான்று. சான்று மாறினா நாங்க மாத்திக்குவோம். உங்களால முடியுமா?"

சொல்லிவிட்டுக் கண்ணைப் பாதி மூடிக்கொள்வான். பிரார்த்தனையில் மாமா வைத்துக்கொள்கிற அதே முகம். இரண்டு பேருக்கும் பரிமாறிவிட்டுப் பக்கத்தில் நிற்கும் அக்காவுக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வாள்.

அக்கா ஒரு பெண்கள் விடுதியின் சமையலறையைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தாள். இருநூறு பெண்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு. அந்த வேலையில்தான் அவள் நிமிர்ந்து நடந்தாள். அங்கே கரப்பான் புகுந்தது. ஒருநாள் தட்டில் ஒன்று கிடந்து, பெண்கள் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அக்கா தம்பியைக் கூப்பிட்டாள்.

அவன் வந்தான், பொட்டு வைத்தான், போனான். திரும்பி வந்து பார்த்தால் வைத்த பொட்டெல்லாம் வைத்தபடியே காய்ந்து கிடந்தது. கரப்பான்கள் மட்டும் முன்னைவிடக் கொழுத்துத் திரிந்தன. பூச்சி மருந்துக்காரர்களிடம் இதற்கென்று ஒரு பதில் தயாராக உண்டு: பூச்சி மருந்தைத் தொடவில்லை என்றால் அதைவிட நல்ல சாப்பாடு அங்கே கிடைக்கிறது. தப்பு மருந்தில் இல்லை, சமையலறையில்.

"சுத்தமா வச்சிருந்தா இது ஏன்க்கா வருது?" என்றான்.

அக்கா அலமாரிகளை வெளியே இழுத்துப் போட்டுக் கழுவினாள். கொதிக்கும் நீரைத் தரையில் ஊற்றித் தேய்த்தாள். மாவு முதல் உப்பு வரை டப்பாவில் போட்டு இறுக்கி மூடினாள். அவன் மறுபடி வந்து அதே மருந்தை இன்னும் அதிகமாக வைத்தான். பூச்சி அதைச் சுற்றிக்கொண்டு போனது. கடைசியில் விடுதி நிர்வாகி அம்மாள் அவனையே நேராகக் கேட்டார்.

"மருந்து சரியில்லையா, கிச்சன் சரியில்லையா?"

"கிச்சன்தான் மேடம்" என்றான். அக்கா பக்கத்திலேயே நின்றாள். கூடப் பிறந்தவள் என்று பார்க்காமல் உண்மையைச் சொன்னேன் என்று அவனுக்கு அன்று பெருமை வேறு.

குத்தகை போயிற்று. அழுக்குப் பிடித்தவள் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. வீட்டில் ஒரு குழம்புச் சட்டியை மூன்று தடவை கழுவிவிட்டு, முகர்ந்து பார்த்து, நான்காம் தடவையும் கழுவ ஆரம்பித்தாள் அக்கா.

பிறகு அவனை ஒரு காலி வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். குடியிருந்தவர்கள் போய் மாதக்கணக்காகியும் கரப்பான் போகவில்லை என்றார் வீட்டுக்காரர். சமையலறையில் ஒரு பருக்கை கிடையாது, குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பட்டினியால் தகடாய்ப் போன ஒரு கரப்பான் சுவரோரம் தள்ளாடி வந்தது. அவன் அதன் முன்னால் ஒரு பொட்டு வைத்துவிட்டு, டார்ச்சைப் பிடித்துக் குந்தினான். அது மீசையை நீட்டியது, வாயை வைத்தது, சட்டென்று பின்வாங்கி முன்காலால் வாயைத் துடைத்துக்கொண்டது. சாகக் கிடந்த ஜீவன், சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளித்தது. தன் டிபன் பாக்ஸிலிருந்து உப்புப் போட்ட முட்டையில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் போட்டான். பாய்ந்து விழுந்து தின்றது.

அவனுக்கு யாரும் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. இனிப்புக்கு நாக்கைத் தொங்கப் போட்ட பூச்சிகளையெல்லாம் அவனே கொன்று தீர்த்துவிட்டான். இனிப்பு பிடிக்காத ஒன்றிரண்டு தப்பித்தன, முட்டையிட்டன, பொரித்த குஞ்சுகளுக்கும் இனிப்பு ஆகவில்லை. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அவன் ஓதியது இதைத்தான். லட்சம் வருஷம் வேண்டியிருக்கவில்லை, அவன் மருந்து வைத்த அடுக்களைகளிலேயே நடந்திருக்கிறது. வாயில் வைத்திருந்தானே தவிர, கண்ணில் வைக்கவில்லை. தன்மேல் அவனுக்கு அப்படியொரு குமட்டல் அதுவரை வந்ததில்லை. வாசலில் போய் நின்று காறித் துப்பினான்.

நேராக அக்கா வீட்டுக்குப் போய், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அவன் சறுக்கியதைக் கேட்டு மாமா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தான். அவர் குதிக்கவில்லை.

"எங்க மதத்துல ஒருத்தர் பொழப்பக் கெடுத்தா, போய் நின்னு ஒத்துக்கணும். உங்க மதத்துல என்ன பண்ணுவீங்க மாப்ள?"

"மதம் இல்ல மாமா அது" என்று அப்போதும் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அக்காவுக்குப் பரிணாமமும் வேண்டாம், பிரார்த்தனையும் வேண்டாம். ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப என் அடுப்படி சுத்தமாத்தான் இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"இத அந்த மேடம்கிட்ட வந்து சொல்றியா? நாளைக்கே போவோம்."

சொல்லலாம். சொன்னால் அவன் மருந்து செத்துப்போன மருந்து என்று ஆகும். இன்னும் அவனிடமே இருக்கும் விடுதி வேலை போகும், அதன் வழியாக வந்த மற்ற இடங்களும் போகும். அவன் மோட்டுவளையைப் பார்த்தான்.

"பாக்கலாம்க்கா. மொதல்ல புது மருந்து ஒண்ணு எடுத்துக்கிட்டு, அப்புறமா..."

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பூச்சி விழுந்த சோற்றைத் தள்ளிவைத்த பெண்கள் முகத்தில் இருந்த சுளிப்பு அது.

"எந்திரி. பெருக்கணும்" என்றாள்.

தரை ஏற்கெனவே பெருக்கியதுதான். அவன் எழுந்ததும், அவன் உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் பெருக்கினாள்.