சாகாத வாத்துகள்

இன்ஸாஃபின் மொட்டைமாடியில் இரண்டே நாளில் பதினான்கு கோழிகள் செத்தன. கொண்டை நீலம் பாரித்து, தலை வீங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்பது வாத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மன்ஸூரா நகரை அடுத்த ஊரில் கணவனை இழந்து தனியாக இருப்பவள் அவள். ஒரே மகள் ஹனாதியைக் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தாள். இப்போது அவள் நிறைமாதம். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் தாய்வீட்டு வாத்துதான் சூப்புக்குப் போகவேண்டும். மெலிந்த வாத்து போனால் அந்தப் பேச்சு லேசில் ஓயாது. ஆகவே இரண்டு மாதமாக இன்ஸாஃப் ஒவ்வொரு வாத்தையும் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, ஊறிய சோளத்தை அலகுக்குள் திணித்து, தன் வாயில் தண்ணீர் எடுத்து அதன் தொண்டைக்குள் ஊதி வளர்த்தாள். அந்த வட்டாரத்துப் பெண்கள் வாத்தைக் கொழுக்க வைப்பது அப்படித்தான்.

செத்த கோழிகளைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாள். அந்த அளவுக்கு விவரம் உண்டு. வாத்து விஷயத்தில்தான் புத்தி பிசகியது. கோழியைக் கொன்ற நோய்க்கே அசையாத வாத்தில் எவ்வளவு பலம் இருக்கும் என்று நினைத்தாள். பறவைக் காய்ச்சலென்று கால்நடைத் துறை ஆட்கள் வந்து மிச்சத்தையும் அழிக்க அள்ளிப் போகும் முன்னே, கொழுத்த நான்கைக் கூடையிலிட்டு ஆட்டோவில் ஹனாதிக்கு அனுப்பிவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் மிர்வத் வந்தாள். கால்நடை மருத்துவர், அதே தெருவில் வளர்ந்த பெண்.

"ஒன்பது வாத்துன்னு போன மாசம் எழுதியிருக்கேன் சின்னம்மா. அஞ்சுதான் நிக்குது."

"மீதி பறந்துபோச்சு."

"நீங்க தீனி போட்ட வாத்து படியிலயே இறங்காது. பறக்குதாம்."

"செத்தது கோழி. நல்லா இருக்கிறத எதுக்குடி கொல்ற?"

மிர்வத் கையுறையைக் கழற்றாமல் சுவரோரம் குந்தினாள். "வாத்து உடம்புல ஒரு காவக்காரன் உண்டு. கிருமி உள்ள கால வச்சதும் எல்லாரையும் எழுப்பிடுவான். கோழிக்கு அவன் கிடையாது. வீடு நிறையத் திருடன் புகுந்தப்புறம்தான் முழிச்சுக்கும். அப்புறம் கண்ணுமண்ணு தெரியாம அடிச்சு, சொந்த வீட்டையே நொறுக்கிக்கும்."

"அப்ப வாத்து ஜெயிச்சிடுச்சுல்ல."

"அடக்கித்தான் வச்சிருக்கு, தொரத்தல. எச்சத்துலயும் எச்சில்லயும் கிருமி வந்துக்கிட்டே இருக்கும். செத்திருந்தா நீங்க தொட்டிருக்க மாட்டீங்க. சாகாததுதான் வம்பு."

இன்ஸாஃப் கால்வாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "புள்ளத்தாச்சிக்குத் தொத்துனா?" என்றாள்.

மிர்வத் எழுந்துவிட்டாள். "ஹனாதிகிட்டயா அனுப்புனீங்க?"

கொடுத்த பிரசவச் சீரைத் திருப்பி எடுப்பது அங்கே பெண்ணையே திருப்பி அழைத்துக்கொள்வது மாதிரி. இருந்தும் இன்ஸாஃப் முக்காட்டை இழுத்துக்கொண்டு மிர்வத்தின் அலுவலக வண்டியில் ஏறினாள்.

முற்றத்தில் ஹனாதி தரையில் உட்கார்ந்திருந்தாள். பெரிய வயிற்றுக்குக் கீழே தொடையிடுக்கில் வாத்து. கன்னம் இரண்டும் தண்ணீரால் உப்பியிருந்தன. அலகைத் திறந்து குனிந்துகொண்டிருந்தாள்.

"துப்புடி," என்றாள் இன்ஸாஃப்.

ஹனாதி தண்ணீரைத் தரையில் துப்பினாள். இன்ஸாஃப் வாத்தைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள்.

மாமியார் ஃபிக்ரிய்யா வாசலை மறித்து நின்றாள். "காலையில சீரு, மத்தியானம் ஜப்தியா சம்பந்தியம்மா? எங்க வீட்டுச் சட்டி சிறுசுன்னு நெனச்சீங்களோ?"

"வாத்துல நோய் இருக்கு. கோழி செத்தது தெரிஞ்சுதான் அனுப்புனேன். தப்பு என்னோடது. அவளத் திட்டாதீங்க."

ஃபிக்ரிய்யா வழிவிட்டாள்.

ஒன்பது வாத்துகளும் அன்றே அழிக்கப்பட்டன. தாய்க்கும் மகளுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இன்ஸாஃபுக்குக் காய்ச்சல் கண்டு, காய்ச்சல் மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தாள். பார்க்க வந்த மிர்வத்திடம் ஒவ்வொரு நாளும் கேட்டது ஒன்றுதான்: "அவளுக்குச் சூடு இருக்கா?" இல்லை. கடைசிவரை இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் விசேஷத்துக்கு இன்ஸாஃபை யாரும் அழைக்கவில்லை. அவளே போனாள், வெறுங்கையோடு. முற்றத்துக் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஃபிக்ரிய்யா குழந்தையை ஏந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ கழுவுங்க," என்றாள்.

இன்ஸாஃப் மறுபடி கழுவிவிட்டுக் கைகளை நீட்டினாள்.