மிரண்ட கண்ணில் வெள்ளை தெரியும்

உளவியல் முதுகலை படிக்கும்போது திருவானைக்காவலில் ஒரு பெண்கள் விடுதிக்குப் பயிற்சிக்குப் போனேன். லால்குடிப் பக்கம் வயல்வேலை செய்யும் எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கழுத்தில் அடையாள அட்டை, பையில் முகபாவனைப் படங்கள். நடையில் கொஞ்சம் மிடுக்கு இருந்தது; இருக்கட்டுமே.

முதல் நாளே காப்பாளர் ஒரு பிளஸ் ஒன் மாணவியை என் முன் உட்காரவைத்தார். குழாயடியில் எட்டாம் வகுப்புப் பெண்ணை அறைந்திருந்தாள். இது மூன்றாவது முறையாம்.

"ஈவு இரக்கமே இல்லீங்க இவளுக்கு. வெள்ளிக்கிழமை அப்பா வராரு, கூட்டிட்டுப் போகட்டும்."

போனால் படிப்பு அதோடு முடிந்தது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

காப்பாளர் போனதும் படங்களைக் காட்டினேன். சிரிப்பைச் சரியாகச் சொன்னாள், அழுகையையும். பயந்த முகத்தைப் பார்த்ததும், "முறைக்குது" என்றாள். இன்னொரு பயந்த முகம். "இதுவும்தான். அடிக்க வருது."

"குழாயடியில அந்தப் பொண்ணும் முறைச்சாளா?"

"ஆமாக்கா, கண்ண உருட்டி. அதான் நான் முந்திக்கிட்டேன்."

பயத்தைக் கோபமென்று எடுத்துக்கொள்கிறவர்கள் முந்திக்கொண்டு அடிப்பார்கள் என்று படித்திருந்தேன். எப்படித் திருத்துவது என்றுதான் தெரியவில்லை. சும்மா அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"மணப்பாறை சந்தையில மாட்டுத் தரகர். லீவுல நானும் போவேன்." முதன்முறையாக நிமிர்ந்தாள். "வண்டியில இருந்து எறங்குற மாடு மிரண்டிருக்கும்க்கா. கண்ணுல வெள்ள தெரியும். எதிர்ல போய் நின்னா முட்டிரும். பக்கவாட்டுல, கையத் தொங்கப்போட்டு, அதுவா மோந்து பாக்குற வரைக்கும் நிக்கணும்."

சொல்லிக்கொண்டே வந்தவள், மேசையில் கிடந்த படத்தை எடுத்தாள். கருவிழியைச் சுற்றி வெள்ளை.

"அக்கா... இது மிரண்டிருக்கா?"

தலையாட்டினேன்.

"அப்ப அந்தப் புள்ள?"

படத்தைத் தன் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தாள்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் அந்தச் சின்னப் பெண் இவளைக் கண்டதும் தட்டை மார்போடு அணைத்துச் சுவரோரம் ஒதுங்கினாள். இவள் நேரே போகவில்லை. இரண்டடி தள்ளி, பக்கவாட்டில், கைகளைத் தொங்கவிட்டு நின்றாள்.

"என்னடி மாட்டுக்காரி, சிலையா நிக்கிற?" என்று பின்னாலிருந்து ஒருத்தி சீண்டினாள். நேற்றென்றால் அவளுக்கும் ஓர் அறை விழுந்திருக்கும். இவள் திரும்பவே இல்லை.

வரிசை முழுக்க அவர்களைக் கடந்து போயிற்று. கடைசியில் சின்னவள்தான் கேட்டாள்: "அக்கா, நீங்க சாப்பிடலயா?"

"நீ முன்னாடி போ. நீ பயந்துட்டேன்னு தெரியாம அடிச்சிட்டேன்."

அதன்பின் அவள் யார்மேலும் கை வைக்கவில்லை; காப்பாளரே இருக்கட்டும் என்றுவிட, வெள்ளிக்கிழமை அவள் அப்பா தனியாகத்தான் மணப்பாறை பஸ் ஏறினார். "என்ன மேடம் சொல்லிக் குடுத்தீங்க?" என்றார் காப்பாளர்.

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலங்க" என்றேன். உண்மையும் அதுதான்.