யோகம் அக்காவின் இலைகளில் ஓட்டை இருந்தது

யோகம் அக்கா காலமான செய்தி உங்களைப் போலவே எனக்கும் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் கடைகளுக்கு எதிரே காரை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவருடைய மகன் சுதன் நம் பின்னல் குழுவில் இரண்டு வரி எழுதியிருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்ப்பதற்குள் இரங்கல்கள் குவிந்துவிட்டன. 'பொறுமையின் சிகரம்' என்றார் ஒருவர். 'யாரையும் புண்படுத்தாத மென்மையான உள்ளம்' என்றார் இன்னொருவர். அடுத்தவர் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழேயே சனிக்கிழமைக்கு ஹால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

பொறுமையா? யோகம் அக்காவா? அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்களுக்கு இப்படி எழுதக் கை கூசவில்லையா? எனக்குத் தெரிந்த யோகேஸ்வரி பருத்தித்துறையில் பிறந்தவர். மங்கரே விமான நிலையத்தில் விமானங்களுக்குள் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகும் ஏவன்டேலில் அந்தப் பழைய மரவீட்டில் மகனோடும் மருமகளோடும் இருந்தவர். அவரிடம் இருந்த பொறுமை முழுவதும் கம்பளி நூலுக்கே செலவாகிவிட்டது. மனிதர்களுக்கு மிச்சம் வைக்கவில்லை.

நான் குழுவில் சேர்ந்த முதல் நாள் ஒரு ஆரஞ்சுப் பூசணிக்காய் பின்னிக்கொண்டு போயிருந்தேன். வீடியோ பார்த்துச் செய்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா மட்டும் அதை வாங்கி, அழுகல் இருக்கிறதா என்று கறிகாய்க் கடையில் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது என்ன?"

"இலையுதிர்கால அலங்காரம்க்கா. வீட்டுல தொங்கவிடறது."

"ஒக்டோபரிலையோ? வெளியிலை போய்ப் பார். மரமெல்லாம் பூக்குது. உந்த வீடியோக்காரி அமெரிக்காவிலை இருக்கிறா. நீ எங்கை இருக்கிறாய்?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. மதுரையில் வளர்ந்த எனக்கு இலையுதிர்காலம் என்பதே பாடப்புத்தகத்தில் வந்த சொல். ஆனாலும் ஆக்லாந்தில் அது ஏப்ரலில்தான் வருகிறது என்பதைப் பார்க்க எனக்கும் கண் இருந்தது. அந்த மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் இருந்தது. ஆண்டுதோறும் வசந்தத்தின் நடுவில் பூசணிக்காய் பின்னிப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஏப்ரலில் அக்கா தன் வேலையைக் கொண்டுவந்தார். தெருவோரம் நிற்கும் பிளேன் மரங்களின் அகன்ற இலைகள், கடையில் யாரும் சீண்டாத மங்கல் பழுப்பு நூலில். நடுநடுவே பச்சை ஃபீஜோவாப் பழங்கள். அந்த மாதத்தில் இந்த ஊரில் எந்த வேலியோரம் பார்த்தாலும் விழுந்து கிடக்கிற, அண்டை வீட்டார் பெட்டி பெட்டியாக வாசலில் வைத்துவிட்டுப் போகிற அதே ஃபீஜோவா. எல்லாவற்றையும் ஒரே சரத்தில் கோத்திருந்தார். செய்முறை எளிதுதான். ஒரு சங்கிலி போட்டு, அதன் இருபுறமும் பின்னிக்கொண்டு போனால் இலை. நுனியில் விடும் வால்தான் காம்பு. ஆனால் ஒவ்வொரு இலையிலும் எங்காவது ஓர் ஓட்டை விட்டிருந்தார்.

"கண்ணி விட்டுப்போச்சாக்கா?" என்று கேட்டேன்.

"விழுந்த இலையிலை ஓட்டை இல்லையெண்டால் அது பிளாஸ்டிக்" என்றார்.

அந்தச் சரம் ஆண்டுதோறும் ஏவன்டேல் வீட்டின் முன் ஜன்னலில் தொங்கியது, அந்த வீடு விற்பனைக்கு வரும் வரை. சுதனுக்கு ஃப்ளாட் புஷ் பகுதியில் புது வீடு வேண்டியிருந்தது. அக்காவும் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டார். இந்த ஊரில் விற்கப்போகிற வீட்டை அலங்கரிப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. குடியிருப்பவர்களின் அடையாளத்தைத் துடைத்துவிட்டு, வாடகை சோபாவும் வாடகை மெத்தையும் கொண்டுவந்து போடுவார்கள். அவர்கள் அக்காவின் சரத்தைக் கழற்றிக் கறுப்புக் குப்பைப் பையில் கட்டி கராஜில் போட்டார்கள். பதிலுக்கு ஜன்னலோரம் ஒரு வெள்ளைக் கிண்ணம், அதில் இயந்திரத்தில் செய்த துணிப் பூசணிக்காய்கள், பக்கத்தில் 'ஹோம்' என்று எழுதிய பலகை. வீட்டுக்காரியின் சாமான்களைக் குப்பைப் பையில் கட்டிவிட்டு, வீடு என்று எழுதி வைக்கிற ஜாதி.

வீடு பார்க்க ஆட்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தார் யாரும் அங்கே இருக்கக் கூடாதாம். அக்காவை என்னோடு ஏவன்டேல் சந்தைக்கு அனுப்பினார் சுதன். கீரை வாங்கி முடித்ததும் அக்கா சொன்னார்: "வா மாலா, ஒரு வீடு பாக்கப் போவம்."

"யார் வீடுக்கா?"

"என்ட வீடுதான். விக்கினமாம். பிடிச்சால் வாங்குவம்."

வாசலில் நின்ற ஏஜென்ட் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, பெயரும் போன் நம்பரும் கேட்டான். விற்பனை பேச வந்த நாளில் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து அக்கா கையால் தேநீர் வாங்கிக் குடித்தவன். அவர் முகம் அவனுக்கு நினைவில்லை. கோப்பை கொடுத்த கையை மட்டுந்தான் பார்த்திருப்பான் போலிருக்கிறது, அதையும் சரியாகப் பார்க்கவில்லை.

அக்கா உள்ளே போய் ஒரு துணிப் பூசணிக்காயை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "உதுக்கு வாடகை குடுக்கினம், பார்!" என்று சத்தமாகவே சொன்னார். பிறகு நேரே கராஜுக்குப் போய்ப் பையை அவிழ்த்து, சரத்தைக் கொண்டுவந்து ஜன்னல் கொக்கியில் முடிச்சுப் போட்டுக் கட்டினார். ஏஜென்ட் ஓடிவந்து, பார்க்க வருகிறவர்கள் எதையும் தொடக் கூடாது என்று பணிவோடு சொன்னான். "நான் பார்க்க வந்தவள் இல்லை, இந்த வீட்டுக்காரி" என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னதும் அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வீடு பார்க்க வந்த பெண் ஒருத்தி ஓர் இலையைத் தொட்டு, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தாள். அன்று அந்த வீட்டுக்குள் எனக்கு மரியாதை தோன்றியது அவளிடம் மட்டும்தான்.

சுதன் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். "அம்மா, உங்களுக்கென்ன விசரே? வீடு விக்கிறதோ வேண்டாமோ?"

"வில்லு. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. இஞ்சை நான் இருந்தனான் எண்டு தெரிஞ்சு வாங்கட்டும்."

சுதன் எல்லோர் முன்னாலும் சரத்தைப் பிடித்து இழுத்தார். கொக்கியோடு வந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்துகொண்டார். பெரிய சாலைக்கு வந்ததும் சொன்னார்: "முடிச்சைக்கூட அவிழ்க்கத் தெரியாமல் வளத்திட்டன்." கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காததுபோல ஓட்டினேன்.

ஏலத்தில் அந்த வீட்டை எடுத்தவர் ஒரு கட்டடக்காரர். போனிலேயே கேட்டு முடித்தார். உள்ளே ஒரு தடவைகூடக் காலடி வைக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது நிலம். சில மாதங்களில் வீட்டை இடித்துவிட்டார். இப்போது அங்கே தீப்பெட்டிகளை நிமிர்த்தி வைத்ததுபோல டவுன்ஹவுஸ்கள் நிற்கின்றன. அந்தக் கிண்ணமும் பலகையும் யார் பார்ப்பதற்காக வைக்கப்பட்டன என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

புது வீட்டில் சுவரில் ஆணி அடிக்க அக்காவுக்கு அனுமதியில்லை. அக்கா சரத்தைப் பின்பக்கம் துணி காயப்போடும் கொடியில் கட்டினார். மழையில் நனையுமே என்றேன். "நனைஞ்சால் என்ன? இலைதானே" என்றார்.

இரங்கல் கூட்டத்தில் சுதன் கண்ணீரோடு பேசியதை நீங்கள் கேட்டீர்கள். அம்மாவின் கைவேலையைப் பார்த்து மயங்கித்தான் அந்த ஏவன்டேல் வீட்டை வாங்கினார்களாம். நீங்கள் மூக்கை உறிஞ்சினீர்கள். நான் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுதன் கெட்டவரல்ல. கடைசி மாதங்களில் தாயைத் தூக்கிக் குளிப்பாட்டியவர் அவர்தான், அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்காக அந்தப் பொய் மெய்யாகிவிடாது.

இப்போது அக்காவின் பெயரில் ஆண்டுதோறும் இலையுதிர்கால அலங்காரப் போட்டி நடத்தப்போகிறீர்கள். நான் நடுவராக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறேன். அக்காவின் கைத்திறன் எனக்கு வரவில்லை. நான் பின்னும் இலைகள் இன்னும் ஓரத்தில் சுருண்டுகொள்கின்றன. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பேச்சு. யாரோ கொண்டுவந்த கோணல் வேலையை நான் வாய்க்கு வந்தபடி புகழ்ந்த ஒரு சனிக்கிழமை, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நல்லாயில்லாததை நல்லாயிருக்கெண்டு சொல்லாதை. நல்லாச் செய்யிறவளுக்கு நீ பிறகு என்னத்தைச் சொல்லுவாய்?"

ஆகவே போட்டிக்கு வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பரிசுக்குத் தகுந்த வேலை வராத ஆண்டில் பரிசு கிடையாது. கமிட்டியில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.